நான் குடிக்காத தண்ணீர்

கேழ்வரகு வறுபடும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்குச் சந்தேகம் வருகிறது. யார் வறுக்கிறார்கள், யாருக்காக, கடைசியில் அது யார் வயிற்றுக்குப் போகும் என்று. போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்சந்தில் நடந்துகொண்டிருந்தேன். மாவு மில் ஒன்றின் வாசலில் அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, கடைசியில் ஒரு கீற்று வெல்லம். நாக்கு ஊறவில்லை. நாக்கு வேறு ஒரு சுவையை நினைத்துக்கொண்டது.

சில வருஷத்துக்கு முந்தைய வறட்சியின்போது நான் சத்துமாவு கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்ட தோட்டங்களில் தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைப் புழுதி வந்து குவிந்து கிடந்தது, யாரோ மாவு கொட்டிவிட்டுப் போன மாதிரி. தென்னைகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பஞ்சாயத்துத் தண்ணி லாரி பத்து நாளைக்கு ஒருதரம் வந்தது. லாரிக்காரர் வழியில் பாதியை வேறு எங்கோ இறக்கிவிடுகிறார் என்று ஊர் பேசியது. மேலத்தெருவுக்குக் கூடுதலாக ஊற்றுகிறார் என்று கீழத்தெரு பேசியது. வானத்தில் ஒரு மேகம் வந்தால்கூட அண்ணாந்து பார்த்தவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. இது எங்கே போய் பெய்யப் போகிறதோ என்ற முறைப்புதான் இருந்தது. தண்ணீர் வற்றினால் முதலில் தெரிவது பாறை. அடுத்தது மனுஷன் கண்ணில் இந்த முறைப்பு.

ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் நடுவே நான்கு ஊர்கள் என் பொறுப்பு. ஒரு சின்ன ட்ரஸ்ட், அதில் நான் களப்பணியாளர். செவ்வாய்க்கிழமை அங்கன்வாடியின் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித்தொட்டிலில் குழந்தைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்து எடை பார்ப்போம். பிறகு மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்போம். நாடாவில் மூன்று நிறம். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் அந்தப் பேர் என் நோட்டில் ஏறும், வாரத்துக்கு ஏழு பாக்கெட் மாவு கிடைக்கும். அடுத்த வாரம் காலி பாக்கெட் ஏழையும் திருப்பிக் கொடுத்தால்தான் புது பாக்கெட். மாவு குறைவாகத்தான் வந்தது. சிவப்பில் இருக்கிற இன்னொரு குழந்தை எப்போதும் வரிசையில் காத்திருந்தது. அதனால் நாங்கள் தாய்மார்களை நம்பவில்லை. காலி பாக்கெட்டை நம்பினோம்.

இன்னொரு விதியும் இருந்தது. போகிற வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. பயிற்சியில் சொன்னார்கள்: அவங்ககிட்ட இருக்கறதே கொஞ்சம், அதுல நாம கை வெக்கலாமா? எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. எந்தக் குட்டைத் தண்ணியோ, எந்த லாரித் தண்ணியோ, எனக்கு வயிறு முக்கியம். எங்கள் பக்கத்தில் வாசலை மிதித்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். வேணுமா என்று யாரும் கேட்பதில்லை, நீட்டிவிடுவார்கள். பேச்சு அதற்கப்புறம்தான். நான் ஒவ்வொரு வீட்டிலும் பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "இருக்குதுங்க, இருக்குதுங்க." நீட்டிய கைகள் திரும்பிப் போயின. அதை நான் தர்மமாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நான்கில் ஓர் ஊரின் கடைசிச் சந்தில் ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். புருஷன் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். அவள் வீட்டிலேயே பனியன் பீஸ்களைக் குவித்து வைத்துக்கொண்டு சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டுவாள். ஒன்றரை வயதில் ஒரு மகள். கொட்டகையில் ஒரு சினை எருமை. பயிர் கருகிய பிறகு அந்த எருமைதான் அவர்களுக்குத் தோட்டம்; அது ஈன்றால் வீட்டில் பால், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

மகளின் கையில் நாடா சிவப்பில் நின்றது. பேரை எழுதிக்கொண்டேன். அடுத்த செவ்வாய் ஏழு காலி பாக்கெட்டும் வந்தன, ஒழுங்காக வெட்டி, கழுவி, மடித்து. எடை ஏறவில்லை. அதற்கு அடுத்த செவ்வாய் எடை இறங்கியிருந்தது.

"கஞ்சி வெச்சுக் குடுக்கறீங்களா இல்லீங்களா?" என்றேன்.

"குடுக்கறனுங்க்கா. வாயில வெச்சா துப்பீருதுங்க. வாசமடிக்குதாட்ட இருக்குது."

"மாவு நல்லாத்தான் இருக்குது. மத்த கொழந்தைங்க குடிக்குதுங்களே?"

"குடிக்குதுங்க." அவள் மகளைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "வயிறும் நிக்கறதில்லீங்க்கா. நாளைக்கு நாலு வாட்டி போவுது."

"வெயில் காலம். எல்லாக் கொழந்தைக்கும் போவுது."

நாடாவை மறுபடியும் சுற்றினேன், இறுக்கமாக. அவள் அதைக் கவனித்தாள்.

"கம்பெனியில பீஸு செக் பண்ற மாதிரியே பாக்கறீங்க்கா. டேமேஜ்னு ஒதுக்கிப் போட்டறாதீங்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு அங்கன்வாடி டீச்சர் தராசைக் கழற்றியபடி குரலைத் தாழ்த்தினார். என்னைவிட மூத்தவர், அந்த ஊர்க்காரர்.

"நாஞ் சொன்னேன்னு வேண்டாம் அம்மணி. அந்த ஊட்டுல எருமெ சினெ."

"அதனால என்னுங்க?"

"ஊரு மாடெல்லாம் எலும்புந் தோலுமா நிக்குது. அது மட்டும் எப்பிடி நிக்குதுன்னு போயிப் பாருங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

ஊத்துக்குளிப் பக்கம் எருமை என்றால் குடும்பத்தில் ஒரு ஆள். வறட்சியில் தவிடும் புண்ணாக்கும் இல்லாதபோது, கடலையும் வெல்லமும் கலந்த மாவு வாரத்துக்கு ஏழு பாக்கெட் கைக்கு வந்தால் அது எங்கே போகும்? எனக்குள் கதை தானாகவே எழுதிக்கொண்டு போனது. சந்தேகத்துக்கு எழுதத் தெரியும். என்னைவிட வேகமாக எழுதும்.

சொல்லாமல் ஒரு வியாழக்கிழமை போனேன். அவள் இரண்டு குடத்தோடு தோட்டத்துக் கிணற்றுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். முதல் குடம் எருமைக்கு. இரண்டாவது குடமும் எருமைக்கு. அது மூக்கு முங்க உறிஞ்சியது. கரியைத் தேய்த்த மாதிரி மின்னும் முதுகு, பக்கவாட்டில் கனத்த வயிறு. தொட்டிலில் கிடந்த மகளோ தூங்கவும் இல்லை, அழவும் இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகிற குழந்தையைப் பார்த்து நான் பயந்ததில்லை. அழாத குழந்தை வேறு.

"மாட்டுக்கு மட்டும் தனியாக் கொண்டாந்து ஊத்தறீங்க?"

"அது உப்புத் தண்ணிங்க்கா. மனுசருக்கு ஆகாது. தோட்டத்துக்காரரு மாட்டுக்குன்னு ரெண்டு கொடம் உடறாரு." குடத்தைக் கவிழ்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள். சொம்போடு வந்தாள். "இந்தாங்க, தண்ணி குடிங்க."

"பாட்டில் இருக்குதுங்க."

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க்கா. நம்ம டிரம்முத் தண்ணிதான்."

"வேண்டாங்க."

சொம்பு சற்று நேரம் நீட்டியபடியே இருந்தது. எதற்கு இவ்வளவு உபசாரம் என்று நினைத்தேன். தப்பு செய்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாகத்தான் உபசரிப்பார்கள்.

அவள் சொன்ன டிரம் நாங்கள் கொடுத்தது. லாரி பத்து நாளைக்கு ஒருதரம் வந்தால் குடத்தில் பிடித்து எத்தனை நாள் ஓட்டுவது? அந்த வீட்டின் சிமெண்டுத் தொட்டி வெடித்துப் போயிருந்தது. எங்கள் ட்ரஸ்டின் பொறுப்பாளர் தெரிந்த சாயப்பட்டறை ஒன்றில் பேசி, காலி நீல டிரம்கள் வாங்கினார். நானே ஆட்களோடு உட்கார்ந்து சோப்புத்தூளும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். வந்த நான்கில் ஒன்றை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தபோது அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வாய்க்குப் புது பனியன் துணி கட்டி, மூலையில் மஞ்சள் பொட்டு வைத்து நிறுத்தினாள். எங்கள் ஊரில் நீல டிரம் இல்லாத வீடு ஏது? என் வீட்டு மாடியிலும் ஒன்று இருக்கிறது. அரிசி போடுவோம், தவிடு போடுவோம், தண்ணீர் பிடிப்போம். லாரிக்காரரைச் சந்தேகப்பட்டவர்கள், மாவைச் சந்தேகப்பட்டவர்கள், மேகத்தைச் சந்தேகப்பட்டவர்கள், ஒருவர்கூட டிரம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சொம்பை உள்ளே வைக்கப் போன நேரத்தில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். கழனித் தண்ணி ஊற்றும் கல்தொட்டியின் விளிம்பில் கஞ்சி காய்ந்து அப்பியிருந்தது. பழுப்பு நிறம். குனிந்து மோந்தேன். கேழ்வரகு, கடலை, வெல்லம்.

அவள் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"அது புள்ள வேண்டாம்னு துப்புனதுங்க்கா. கீழ கொட்ட மனசு வரல."

"ஏழு பாக்கெட்டையுமா துப்புச்சு?"

அவளது மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அங்கேயே நின்று நோட்டைத் திறந்து அந்தப் பேரின் மேல் ஒரு கோடு போட்டேன். வரிசையில் காத்திருந்த அடுத்த பேரைக் கீழே எழுதினேன். கோடு நேராக விழுந்தது. அது நினைவிருக்கிறது. ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது, முடிச்சை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"அக்கா," என்றாள். "எருமெக்குத்தான் போட்டனுங்க. ஆனா எருமெ..."

"செவ்வாய்க்கெழமெ கூட்டிட்டு வாங்க. எடை மட்டும் பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.

வரவில்லை என்றதும் ஊர் பேசியது. டீச்சர் என்னைப் பார்த்து, நான் சொன்னேன் பாருங்கள் என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். செல்போனில் வாராவாரம் எடையை ஏற்ற வேண்டிய கட்டம் அந்தப் பேருக்கு நேராகக் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. புதன்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதி மூன்று மைல் நடை. ரோட்டோரத்தில் நிழல் என்று ஒன்று இல்லை. சீமைக் கருவேலங்கூட இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் ஊருக்கு வெளியிலேயே தீர்ந்துபோனது. அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. பீஸ்களை ஒதுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள். டிரம்மின் துணியை அவிழ்க்கும் சத்தம். சொம்பு வந்தது. இந்த முறை என் கை போய் வாங்கிக்கொண்டது.

முதல் மடக்கு தெரியவில்லை. இரண்டாவது மடக்கில் நாக்கு சுருண்டது. சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பு, அதன் அடியில் இரும்பைச் சுரண்டின ஒரு கசப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் பட்டறை வாசலில் ஈரத்துணி குவிந்து கிடக்கும்போது வருமே, அந்த வீச்சம். வாசலில் துப்பினேன். என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? பேரை அடித்ததற்கு இவள் பழி வாங்குகிறாள்.

"என்ன கலந்து குடுத்தீங்க?"

"நாங்க ஒண்ணுங் கலக்கலீங்க்கா." அவள் குரல் ஏறவே இல்லை. நிலையில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க குடுத்த டிரம்முங்க. லாரித் தண்ணி ஊத்தி ரெண்டு நாளு நல்லாத்தான் இருக்கும். மூணாம் நாளு வெக்கையில இப்பிடி ஆயிருது."

"இதுலதான் கஞ்சி வெக்கறீங்களா?"

"வேற எதுல வெக்கறதுங்க?"

"கொழந்தைக்குக் குடிக்கவும் இதுதானா?"

அவள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "எருமெக்கு மொதல்ல இதைத்தான் ஊத்தினனுங்க. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதான் உப்புத் தண்ணி. கஞ்சியெத் தொட்டியில ஊத்தினேன், அதையும் தொடுல. அன்னிக்கு நீங்க பாத்தீங்களே, அப்பிடியே காஞ்சு கெடந்துச்சே."

காய்ந்து கிடந்தது. ஆமாம். எருமை தின்றிருந்தால் விளிம்பில் ஒரு பருக்கை மிஞ்சியிருக்குமா? நக்கி நக்கிக் கல்லைப் பளபளப்பாக்கியிருக்கும். நான் குனிந்து மோந்தவள். மோந்தும் பார்க்காதவள்.

"ஏனுங்க, மொதல்லயே தண்ணீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடீங்க சொல்றது?" இப்போது அவள் குரலில் ஒரு சூடு வந்தது. "நீங்களே கழுவிக் கொண்டாந்து குடுத்தீங்க. குடுத்தவங்க மூஞ்சிக்கு நேரா உங்க சாமானம் நாறுதுன்னு சொல்ல முடியுங்களா? ஒரு வாய் குடிச்சா நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு, வர்றப்பெல்லாஞ் சொம்பெ நீட்டினேன். நீங்க பாட்டலெக் காட்டினீங்க."

கையிலிருந்த சொம்பைப் படியில் வைத்தேன்.

"நேத்துப் புள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு. எடைக்கு எங்கீங்க தூக்கியாறது?"

உள்ளே போனேன். தொட்டிலில் கிடந்த குழந்தையின் உதடு வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. நாடாவை எடுக்கவில்லை. நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டில் குடத்துத் தண்ணீர் வாங்கிக் காய்ச்சி, ஆறவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன்னால் அவள் அதைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் கலக்கியதை.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப் ஏறியது. நான் வெளியே மரத்தடியில் நின்று பொறுப்பாளருக்குப் போன் செய்தேன்.

"டிரம்மை மட்டும் திருப்பி எடுத்துருங்க," என்றார். "மறுபடி கழுவித் தர்றோம்னு சொல்லுங்க. காரணமெல்லாம் சொல்லாதீங்க. ஊரே பயந்துரும். நாளைக்கு மாவையும் யாரும் வாங்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற மூன்று டிரம்கள் போன வீடுகளிலும் போய் நின்றேன். நல்லவேளை, அவர்கள் அதைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் வைத்திருந்தார்கள். இருந்தாலும் ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பரவாயில்லை. ஒன்றில் அதே வழுவழுப்பு. காரணத்தைச் சொன்னேன். கடப்பாரை வாங்கி நான்கின் அடியிலும் குத்தி ஓட்டை போட்டேன், யாரும் எடுத்துப் போய்ப் புழங்காதபடி. ஊர் வேடிக்கை பார்த்தது. "குடுத்தவங்களே ஓட்டை போடறாங்க பாரு," என்று யாரோ சொன்னார்கள். அடுத்த செவ்வாய் மாவு வாங்கப் பாதிப்பேர்தான் வந்தார்கள். பொறுப்பாளர் சொன்னது பலித்தது. பாக்கெட்டைப் பிரித்து அவர்கள் முன்னால் நானே வாயில் போட்டு மென்றேன். அதையும் ஒரு நாடகமாகப் பார்த்த கண்கள் இருந்தன. மீதிப்பேர் திரும்பி வர ஒரு மாதம் ஆனது.

அதற்குள் அந்த மகளின் கை நாடாவில் சிவப்பைத் தாண்டி மஞ்சளுக்கு வந்திருந்தது. மஞ்சளின் ஓரத்தில், நூல் அளவுக்கு. டீச்சர் இரண்டு முறை அளந்து பார்த்தார். நான் அளந்ததை அந்தத் தாயும் நம்பவில்லை. நாடாவை வாங்கித் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

அந்த மாதக் கடைசியில் என்னை அவிநாசிபாளையம் பக்கம் மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. இந்த ஊர்களுக்கு வேறொரு பெண் வருவாள், நோட்டை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். தலைமுடியில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வழியனுப்ப வந்தாள் என்று நினைத்தேன்.

"நீங்க போறீங்களாமா?"

"ஆமாங்க. வேற ஒருத்தரு வருவாங்க."

"அவிங்களுக்கு எங்களெத் தெரியாதில்லீங்க?"

"நோட்டுல எல்லாம் இருக்குதுங்க. அதைப் பாத்துத்தான் மாவு குடுப்பாங்க."

"அதுக்குத்தானுங்க வந்தேன். அன்னிக்குக் கோடு போட்டீங்களே, அந்தப் பேரெ மறுக்கா எழுதீட்டீங்களா?"

"எழுதிட்டனுங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே."

"காட்டுங்க பாக்கலாம்."

பையைத் திறந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். அவள் மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். அடித்த கோட்டையும் பார்த்தாள், அதற்குக் கீழே மறுபடி எழுதியதையும் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டு அந்த எழுத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.

"அழியாத பேனாதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சரிங்க்கா. பஸ்ஸு வந்துருச்சு, ஏறுங்க."